மிட்டாய் விளம்பரத்தில் சிரிப்பு வசனத்தில் இல்லை, ஷாட்டில் இருக்கிறது

ஒரு ரூபாய் மிட்டாயைப் பற்றி டிவியில் சொல்ல என்ன இருக்கிறது? இனிக்கும். அது எல்லோருக்கும் தெரியும். சொல்ல விஷயம் இல்லாததால்தானோ என்னவோ, நம் நாட்டு விளம்பரங்களில் நல்ல சினிமா பலமுறை மிட்டாய், சாக்லேட், சூயிங்கம் பக்கமே வந்திருக்கிறது.

1990-களில் வந்த டெய்ரி மில்க் சாக்லேட்டின் கிரிக்கெட் விளம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பியூஷ் பாண்டே எழுதி, மகேஷ் மத்தாய் இயக்கியது. ஆட்டக்காரர் 99 ரன்னில் நிற்கிறார், தூக்கி அடிக்கிறார். பந்து மேலே, கீழே பிடிக்கத் தயாராக ஒரு ஃபீல்டர், இடையிடையே கூட்டத்தில் பதறும் ஒரு பெண்ணின் முகம். சஸ்பென்ஸ் படத்து எடிட்டிங் அப்படியே. பந்து எல்லையைத் தாண்டியதும் அவள் காவலரிடமிருந்து நழுவி மைதானத்துக்குள் ஆடிக்கொண்டு வருகிறாள். முதலில் நம்மை இறுக்கிப் பிடித்ததால்தான் அவள் நடனத்துக்கு அப்படிச் சிரிப்பு வருகிறது.

ஆனால் எனக்கு உச்சம் 2007 வாக்கில் வந்த ஹாப்பிடென்ட் ஒயிட் சூயிங்கம் விளம்பரம்தான். இயக்கம் ராம் மாத்வானி, எழுத்து பிரசூன் ஜோஷி. ஒருவர் சைக்கிளில் அரக்கப் பரக்கப் போகிறார். வழியில் தெருவிளக்கு இருக்க வேண்டிய இடத்தில் மனிதர்கள், கார் ஹெட்லைட் இருக்க வேண்டிய இடத்திலும் மனிதர்கள். பளிச்சென்ற பல்தான் வெளிச்சம். ஏன், எப்படி என்று ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. யாரும் ஆச்சரியப்படுவதும் இல்லை. அந்த ஊரில் அது ஒரு உத்தியோகம். நம் ஆளும் டியூட்டிக்கு லேட்டாகிவிட்டது என்றுதான் ஓடுகிறார். அரண்மனை சரவிளக்கில் தொற்றி ஏறி, தன் இடத்தில் அமர்ந்து, கம்மை மென்று வாயைத் திறக்கும்போது கூடமே ஒளிர்கிறது. பழைய சமஸ்தானத்துப் படம் போலவே ஒளியமைப்பு, உடை, பாட்டு எல்லாம். யாராவது ஒரு நடிகர் கேமராவைப் பார்த்துக் கண்ணடித்திருந்தால் அத்தனையும் போயிருக்கும். அபத்தத்தை இவ்வளவு பொறுப்பாக எடுத்திருப்பதுதான் சிரிக்க வைக்கிறது.

இன்னொன்று, இதற்கு டப்பிங்கே தேவையில்லை. இந்தியில் எழுதிய கடி ஜோக்கைத் தமிழில் பேசவிட்டு, உதடு ஒரு பக்கம் வசனம் ஒரு பக்கம் போகும் விளம்பரங்களைத் தினமும் பார்க்கிறோமே, அந்தக் கொடுமை இதில் இல்லை.

இப்போது வரும் மிட்டாய் விளம்பரங்களில் பெரும்பாலும் ஒரு நட்சத்திரம் வந்து ஒரு பஞ்ச் பேசிவிட்டுப் போகிறார். காரணம் புரிகிறது. டிவியில் விளம்பர நேரத்தை 10 வினாடிக்கு இவ்வளவு என்று விற்கிறார்கள். நீளமாக எடுத்தாலும் ரெண்டு நாளில் கத்தரித்துவிடுவார்கள். அப்படி வெட்டும்போது முதலில் போவது சிரிப்புக்கு முன்னால் வரும் காத்திருப்புதான். சைக்கிள் பயணத்தை எடுத்துவிட்டு சரவிளக்கை மட்டும் காட்டினால் யாருக்குச் சிரிப்பு வரும்? வெட்டுங்கள், சரி. முதல் வாரமாவது முழுசாகப் போடுங்கள். அப்புறம் வரும் துண்டைப் பார்த்தாலும் மீதியை நாங்களே மனதுக்குள் ஓட்டிக்கொள்வோம்.