மந்திரத்துக்கும் விலை உண்டு

மிகுபுனைவு, அதாவது ஃபேன்டஸி கதைகள் படிப்பவர்களைப் பார்த்து, "நிஜ வாழ்க்கையை எதிர்கொள்ளத் தெம்பில்லாதவர்கள்" என்று சொல்வது பலருக்கு எளிதாக வந்துவிடுகிறது. டிராகனும் மந்திரக்கோலும் சின்னப் பிள்ளைகளுக்குச் சரி, வளர்ந்தவர்களுக்கு எதற்கு என்றும் கேட்கிறார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை.

இந்தக் குற்றச்சாட்டுக்கு, 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலின் ஆசிரியர் டோல்கீன் 1939-இலேயே, ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் பதில் சொல்லிவிட்டார். சிறையில் கிடப்பவன் வீட்டுக்குப் போக நினைத்தால் என்ன தப்பு? போக முடியாதபோது, காவலர்களையும் சுவர்களையும் விட்டு வேறு எதையாவது பேசினால்தான் என்ன தப்பு? அவர் கேட்டதன் சாரம் இது. நிஜம் தெரியாத மனிதர் இல்லை அவர். முதல் உலகப் போரின்போது, 1916-இல், பிரான்சின் சோம் போர்க்களத்தில் பதுங்குகுழிகளில் கிடந்தவர். நெருங்கிய நண்பர்களை அந்தப் போரில் பறிகொடுத்தவர். காய்ச்சலோடு திரும்பி மருத்துவமனையில் இருந்த காலத்தில்தான் தன் கற்பனை உலகின் முதல் கதைகளை எழுத ஆரம்பித்தார்.

ஆனாலும், தப்பித்தல் என்ற ஒன்றை வைத்து மட்டும் இந்த ஈர்ப்பை விளக்கிவிட முடியாது என்றே நினைக்கிறேன். தப்பிப்பதுதான் நோக்கம் என்றால் சுகமான இடமாகப் பார்த்தல்லவா போவோம்? இந்தக் கதைகளில் பசி இருக்கிறது, துரோகம் இருக்கிறது, பிரியமானவர்கள் சாகிறார்கள். தெரிந்தேதான் போகிறோம். ஏனென்றால் அங்கே ஒருவர் செய்கிற காரியத்துக்குக் கனம் இருக்கிறது. அதன் விளைவு கண்ணுக்குத் தெரிகிறது.

உர்சுலா லெ குவின் 1968-இல் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ' நாவலில் ஓர் இடம். மந்திரப் பள்ளியில் படிக்கும் கெட் என்ற பையனுக்கு, கூழாங்கல்லை வைரம்போலக் காட்டும் வித்தை பிடித்துப்போகிறது. ஆனால் அது வெறும் தோற்றம். நிஜமாகவே வைரமாக்க முடியாதா என்று ஆசிரியரிடம் கேட்கிறான். முடியும், அதற்குக் கல்லின் உண்மைப் பெயரையே மாற்ற வேண்டும், இத்தனூண்டு கல்லை மாற்றினாலும் உலகத்தையே மாற்றியதாகிவிடும் என்கிறார் அவர். பின்விளைவு என்னவென்று தெரியாமல் ஒரு மணலைக்கூட மாற்றாதே என்று எச்சரிக்கிறார். பையன் கேட்கவில்லை. சக மாணவனிடம் வீம்புக்கு, இறந்துபோன ஒருத்தியின் ஆவியை அழைக்கிறான். கூடவே ஒரு நிழலும் வந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. திறந்துகொண்ட வழியை அடைக்கப் போன தலைமை மந்திரவாதி உயிரை விடுகிறார். அந்தத் தழும்பு கெட்டின் முகத்தை விட்டுப் போவதே இல்லை.

நம் வாழ்க்கையில் இப்படியா நடக்கிறது? தப்பு செய்பவர் ஒருவர், அனுபவிப்பவர் வேறு எங்கோ இருக்கும் இன்னொருவர். எங்கோ ஓர் அறையில் போட்ட ஒரு கையெழுத்து யார் தலையில் விடிந்தது என்று போட்டவருக்கே தெரியாது. யாரையும் கேட்க முடியாத இந்த நிலைமைதான் மனிதரை உள்ளுக்குள் அரிக்கிறது. மிகுபுனைவு அந்த அறுந்துபோன இழையை மறுபடி கட்டிக் காட்டுகிறது. அங்கே நியாயம் எப்போதும் ஜெயிப்பதில்லை. ஆனால் எது எதனால் நடந்தது என்பதாவது தெரிகிறது.

இந்தப் புத்தகங்களில் வரும் கற்பனை உலக வரைபடங்கள்மீது வாசகர்களுக்கு இருக்கும் பிரியமும் இதில் சேர்த்திதான். டோல்கீன் வரைபடத்தை முதலில் வைத்துக்கொண்டு கதையை அதற்குள் பொருத்தினார். நடக்கும் தூரத்தையும் நிலாவின் வளர்பிறை தேய்பிறையையும்கூடச் சரிபார்த்தார். மந்திரத்தை நம்ப வைப்பது அந்தக் கறார்த்தனம். செத்தவர் எந்த விலையும் கொடுக்காமல் இரண்டு அத்தியாயம் கழித்து எழுந்து வந்தால் அந்த நம்பிக்கை போய்விடும். புத்தகத்தை மூடிவிடுவேன்.

ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். பிறக்கும்போதே தீயவர்கள் என்று ஓர் இனத்தையே எழுதி, வெட்டிச் சாய்த்துக்கொண்டே போகும் கதைகள் எனக்குக் கவலை தருகின்றன. தன் கதைகளில் தீய படையாக வரும் ஓர்க்குகள் என்ற இனம் எங்கிருந்து வந்தது, திருந்தவே முடியாததா என்ற கேள்வி டோல்கீனையே உறுத்திக்கொண்டிருந்தது. பல விளக்கங்களை எழுதிப் பார்த்தார், எதுவும் அவருக்கு நிறைவாக அமையவில்லை. லெ குவினின் கெட்டோ, நிழலைத் துரத்திக்கொண்டு கடலின் கோடிவரை போய், கடைசியில் அதைத் தன் சொந்தப் பெயரைச் சொல்லி அழைக்கிறான். வெட்டிச் சாய்க்க வெளியே ஓர் எதிரி இல்லாத இந்த மாதிரிக் கதைகளைத்தான் வளர்ந்தவர்கள் தேடிப் படிக்க வேண்டும் என்பேன்.