சம்பளம் கூடினால் எல்லாம் வாடகைக்கே போகுமா?

வேலைப் பயிற்சி முடித்துச் சம்பளம் கூடினால், அமெரிக்க அரசு வீட்டு உதவி பெறுவோருக்கு வாடகைதான் ஏறும், எதுவும் மிஞ்சாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வாடகை வருமானத்தைப் பொறுத்தது என்பதால் அது ஏறுவது சரி. ஆனால் ‘குடும்பத் தற்சார்புத் திட்ட’த்தில் (எஃப்.எஸ்.எஸ்.) இருப்பவர்களுக்கு, சம்பள உயர்வால் வாடகை ஏறும்போது, அதையொட்டிய தொகையை, உதவியை நடத்தும் உள்ளூர் வீட்டுவசதி ஆணையம் தனிக் கணக்கில் போட்டு வருகிறது, திட்டத்தில் சேரக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை நிறைவேற்றியதும் பணம் அவர்களுக்கே. முக்கியமாக, கையெழுத்திடும்போது உள்ள வருமானம்தான் அடிப்படை. புது வேலையில் சேர்ந்து சம்பளம் ஏறிய பிறகு கையெழுத்திட்டால் அந்த உயர்வுக்கு எதுவும் சேராது, தயவுசெய்து முந்திக்கொள்ளுங்கள். எல்லா ஊர் ஆணையத்திலும் இத்திட்டம் இல்லை, கேட்டுப் பாருங்கள். சரிபார்க்க: கூட்டாட்சி விதித்தொகுப்பு, தலைப்பு 24, பிரிவு 984.305. ஆணையம் ஆண்டுக்கு ஒருமுறையாவது தரவேண்டிய கணக்கு அறிக்கையைச் சேர்ந்தவர்கள் கேட்டு வாங்கலாம்.