கால் இறுதியாம் கால் இறுதி

அயர்லாந்து ரக்பி டீமைப் புகழ்ந்து ஞாயித்துக்கிழமை நான் போட்ட பதிவுக்குக் கீழே நடந்த கூத்தை எல்லாரும் பார்த்தீங்க. ஒருத்தர் வரிசையா கமெண்ட் போட்டார். கிளற வேண்டாம்னுதான் ரெண்டு நாள் சும்மா இருந்தேன். முடியல.

"கால் இறுதியோட கடையைச் சாத்துற டீமுக்கு இவ்ளோ பில்டப்பா?"

சரி. இதுவரை நடந்த பத்து ரக்பி உலகக் கோப்பையில எட்டு தடவை கால் இறுதிக்குப் போய் எட்டுலயும் தோத்தது அயர்லாந்து. ஒத்துக்கிறேன், போதுமா? ஆனா நாலு வருஷத்துக்கு ஒருமுறை வர்ற ஒரு கோப்பை மட்டும்தான் வரலாறா? 1875ல இங்கிலாந்தோட ஆட ஆரம்பிச்ச டீம் இது. அப்போ உலகக் கோப்பைங்கிற பேரே கிடையாது.

தீவையே ரெண்டாப் பிரிச்சாங்க, ரக்பி டீமைப் பிரிக்கல. வடக்கே பெல்ஃபாஸ்ட்காரனும் தெற்கே கார்க் ஊர்க்காரனும் இன்னிக்கும் ஒரே பச்சை ஜெர்சி. யாருக்கு எந்த தேசிய கீதம்ங்கிற சண்டைக்கே 1995ல தனியா ஒரு பாட்டு எழுத வேண்டியிருந்தது. இதெல்லாம் ஸ்கோர்போர்டுல வராது.

1972ல நடந்த ஐந்து நாடுகள் போட்டியை எடுத்துக்குங்க. பாரிஸ்லயும் லண்டன்லயும் ஜெயிச்சுட்டு வந்தாச்சு. மிச்சம் ரெண்டு மேட்ச், ரெண்டும் டப்ளின்ல. வட அயர்லாந்துக் கலவரத்தால வந்த பயத்துல ஸ்காட்லாந்தும் வேல்ஸும் வரவே இல்ல. எல்லா மேட்சையும் ஜெயிச்சு கிராண்ட் ஸ்லாம் அடிக்கிற கனவு அதோட போச்சு. அடுத்த வருஷம் இங்கிலாந்து வந்தது. பரம வைரி! மொத்த மைதானமும் எழுந்து நின்னு கைதட்டுச்சு. அயர்லாந்து 18-9னு ஜெயிச்சது. அன்னிக்கு ராத்திரி விருந்துல இங்கிலாந்து கேப்டன் ஜான் புல்லின், "நாங்க பெரிய ஆட்டக்காரங்க இல்லதான், ஆனா வந்துட்டோம்ல"ன்னார். ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் விழுந்த குத்து அது.

2007ல டப்ளின் க்ரோக் பார்க். 1920ல பிரிட்டிஷ் படை சுட்டதுல 14 பேர் செத்த அதே மைதானம். அங்கே இங்கிலாந்தோட தேசிய கீதம் ஒலிச்சப்போ ஒரு கூச்சல் இல்ல. அப்புறம் 43-13னு வெளுத்து அனுப்பினாங்க. மரியாதையும் உண்டு, உதையும் உண்டு. இந்த ஒரு நாளுக்கு எத்தனை கால் இறுதி ஈடு?

"நியூசிலாந்துல பிறந்தவங்களை வெச்சுத்தானே ஆடுறீங்க?" இதுவும் வந்தது. பண்டி ஆக்கி, கிப்சன்-பார்க், ஜேம்ஸ் லோ மூணு பேரும் அங்கே பிறந்தவங்கதான். விதிப்படி அயர்லாந்துல வருஷக்கணக்கா இருந்துட்டு ஆடுறாங்க. நிறைய நாடு செய்யுது.

"2007 உலகக் கோப்பையில முதல் சுற்றையே தாண்டலையே?" அதை விடுங்க.

கடைசியா ஒண்ணு கேட்டாரே, அதுதான் தூங்க விடல. "நீ எதுக்கு 'நம்ம டீம்'ங்கிற?" ஆக்கி இங்கே கால்வே ஊருக்கு வந்து ஆடினா ஐரிஷ்காரர். நான் பதினோரு வருஷமா டப்ளின்ல வரி கட்டி, மழையில பஸ்ஸுக்கு நின்னு, என் பொண்ணு பள்ளிக்கூடத்துல ஐரிஷ் மொழி படிச்சு, நான் மட்டும் வேடிக்கை பார்க்க வந்தவனா? இதைக் கேட்டது ஒரு ஐரிஷ்காரன் இல்ல. நம்ம ஆளு. எங்க ஆபீஸ்ல ஒருத்தன்கூட இன்னிவரை இப்படிக் கேட்டதில்ல.

2023 அக்டோபர் 14, பாரிஸ், அதே கால் இறுதி. நியூசிலாந்து 28, நாம 24. கடைசி நிமிஷங்கள்ல நம்ம பசங்க பந்தை விடாம 37 தடவை முட்டினாங்க. என் பொண்ணு சோஃபா மேல ஏறி நின்னு விரல் விட்டு எண்ணினா. இருபதுக்கு மேல குழம்பிப்போய் மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சா. நியூசிலாந்தோட வைட்லாக் பந்து மேல கையை வெச்சார், பந்து போச்சு, முடிஞ்சது. நம்ம கேப்டன் செக்ஸ்டனோட கடைசி மேட்ச் அது. பண்ணி வெச்ச பிரியாணியை அன்னிக்கு யாரும் தொடல.

அந்த கமெண்ட்டுக்கு மூணு பேர் ஹாஹா போட்டிருக்கீங்க. அதுல ஒருத்தர் அன்னிக்கு எங்க வீட்டுக்கு மழையில நனைஞ்சு வந்து, என்கிட்ட பச்சை ஜெர்சி கடன் வாங்கிப் போட்டுக்கிட்டு, என்னைவிடச் சத்தமா "நம்ம பந்துடா"ன்னு கத்தினவர். ஜெர்சி இன்னும் திரும்பி வரல.