அளந்து பாக்குறதும் ஆராய்ச்சிதான்

நேத்து அந்த ஹைப்பர்சோனிக், அதாவது சத்தத்த விட அஞ்சு மடங்குக்கு மேல வேகமா பறக்குற ஆராய்ச்சி பத்தின செய்திக்குக் கீழ நடந்தத நீங்களும் பாத்திருப்பீங்க. "பத்து வருஷம் லேசர் வச்சு ஆராய்ச்சி பண்ணி, 1962லயே சொன்னது சரின்னு சொல்றதுக்கா சம்பளம்?"னு ஒருத்தர் கேக்குறாரு, அதுக்குக் கீழ அத்தன பேர் சிரிக்கிறாங்க. ராத்திரி பூரா மனசு ஆறல.

மார்க் மோர்கோவின்ங்கிற விஞ்ஞானி அன்னிக்குச் சொன்னது கருதுகோள்தாங்க. அடர்த்தி, வெப்பநிலை மாறுறத கணக்குல சேத்துட்டா, வேகமா போற காத்தோட டர்புலன்ஸும், அதாவது தாறுமாறான சுழிப்பும், மெதுவான காத்து மாதிரிதான் நடந்துக்கும்னாரு. ஆனா மாக் 5க்கு, அதாவது சத்தத்தோட வேகத்துல அஞ்சு மடங்குக்கு, மேலயும் அது நிக்குமான்னு அளந்து பாக்குறது பெரும்பாடு. உள்ள ஒரு கருவிய நீட்டினா அதுவே காத்தக் கலைச்சிரும். அதனாலதான் அமெரிக்காவுல ஸ்டீவன்ஸ் இன்ஸ்டிடியூட்ல பேராசிரியர் பார்சியாலே குழு காத்துல கிரிப்டான்ங்கிற வாயுவக் கலந்து, லேசரால அத ஒரு நேர்கோடா ஒளிர வச்சு, மாக் 6ல அந்தக் கோடு எப்படி நெளியுதுன்னு படம் புடிச்சாங்க. யூகம் வேற, அளவு வேற.

நானும் ஷாக் டனல்ல, அதாவது கண நேரத்துக்கு அதிவேகக் காத்த உண்டாக்கிச் சோதிக்கிற குழாய்ல, வேல பாத்தவன்தான். காலைல இருந்து மாடல்ல சென்சார் ஒட்டி, வயர் சால்டர் பண்ணி, டயாஃப்ரம்ங்கிற தகட மாட்டி, பம்ப் போட்டு, சாயங்காலம் ஒரே ஒரு ஷாட். டமார்னு ஒரு சத்தம், அளக்கக் கெடைக்கிற நேரம் ஒரு மில்லிசெகண்ட். தெறந்து பாத்தா தகடு நாலு இதழா கிழிஞ்சு விரிஞ்சிருக்கும், ஒரு சால்டர் விட்டிருந்தா அன்னிக்கு நாளே போச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு என் கிராஃப் பழைய கணக்கோட அப்படியே பொருந்துச்சு. ரிவ்யூவுல ஒரு பெரியவர் பேப்பரப் பொரட்டிட்டு "இதுல புதுசா என்ன?"ன்னாரு. அவ்வளவுதான், அடுத்த ஆளக் கூப்ட்டாங்க.

ராணுவக் காசுன்னு சொல்றீங்களா, ஆமா, அமெரிக்க விமானப்படையும் கடற்படையும் குடுக்குது, அது தனியா பேச வேண்டிய விஷயம். ஒரு மணி நேரத்துல சிட்னி போகலாம்னு தலைப்பு போட்டது பத்திரிகை, அதுக்கு ஏன் ஆராய்ச்சி பண்ணவன அடிக்கிறீங்க?

2005ல டிஸ்கவரி விண்வெளி ஓடத்தோட வயித்துப் பக்கம் சூடு தாங்குற ஓடுகளுக்கு நடுவுல ரெண்டு பட்டை சுமார் ஒரு இன்ச் துருத்திக்கிட்டு நின்னுச்சு. எறங்கும்போது அதால டர்புலன்ஸ் சீக்கிரமே கெளம்பி சூடு ஏறிருமோன்னு பயந்து, விண்வெளி வீரர் ஸ்டீவ் ராபின்சன் விண்வெளியில கீழ்ப்பக்கம் போய் கையாலயே புடுங்கி எடுத்தாரு. உறுதியா சொல்ல ஆளில்ல, அதான். சரியா தெரியாததுக்கு ஒரு மனுஷன் உயிர பணயம் வச்சுப் போகணும், சரியான்னு பாத்துச் சொன்னவனப் பாத்து நீங்க சிரிப்பீங்களா?

அந்தப் பெரியவருக்கு அன்னிக்கு என்னால பதில் சொல்ல முடியல, தொண்ட அடைச்சிருச்சு. இப்ப சொல்றேன். புதுசா எதுவும் இல்ல சார். சரியா இருக்கு. அதான் என் ரிசல்ட்டு.