மூலநோய் என்று முடிவு கட்டும் முன்
"மலத்தில் ரத்தம் வந்தால் பெரும்பாலும் மூலம்தான், பயம் வேண்டாம்" என்கிறது இந்தக் கட்டுரை. பெரும்பாலும் என்பது சரி, ஆனால் பரிசோதிக்காமல் எப்படி முடிவு கட்டுவது? கடலூர் முதுநகரில் மீன் வியாபாரம் பார்க்கும் என் அப்பா, ரத்தம் வந்ததை மூலம் என்றே நினைத்து எட்டு மாதம் களிம்பு தடவிக்கொண்டிருந்தார். யாரும் விரல் விட்டுக்கூடச் சோதிக்கவில்லை. வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவ ஆரம்பித்த பிறகுதான் புதுச்சேரிக்குக் கூட்டிப்போய்க் கொலனோஸ்கோப்பி (கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) எடுத்தோம். சிக்மாய்டு பகுதியில், அதாவது மலக்குடலுக்குச் சற்று முன்னால் உள்ள பெருங்குடல் வளைவில், கட்டி. பெருங்குடல் ஏறக்குறைய 1.5 மீட்டர் நீளம், மூலம் வருவது அதன் கடைசி ஓரத்தில். பெருங்குடலின் வலப்பக்கம் கட்டி வந்தால் ரத்தம் கண்ணுக்கே தெரியாமல் ரத்தசோகை மட்டும் காட்டலாம். மேலே கருத்து எழுதிய சகோதரி, உங்கள் மாமனாருக்கு 58 வயது, மலம் போகும் பழக்கமும் மாறியிருக்கிறது என்கிறீர்கள். தயவுசெய்து இந்த வாரமே குடல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.