கெட்டியான ஈயம்தான் குறி தவறாதா? ஓர் உண்மை விளக்கம்

குழல் வாய் வழியே மருந்தும் குண்டும் இட்டுச் சுடும் பழைய துப்பாக்கிகளுக்கும், ஆன்டிமனி என்னும் தனிமம் கலந்த கெட்டி ஈயத்தில் வார்த்த குண்டே துல்லியமானது என்றொரு கருத்து பரவி வருகிறது. நவீனத் தோட்டாக்களுக்கு ஓரளவு பொருந்தும் இந்தக் கருத்து, அமெரிக்க உள்நாட்டுப் போரில் புழங்கிய 1861 மாடல் ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கி போன்றவற்றுக்கு நேர்மாறானது.

அதில் இட்ட மினியே குண்டு, புகைக்கரி படிந்த குழலிலும் எளிதில் இறங்குவதற்காக, குழலின் உள்விட்டத்தைவிடச் சற்றுச் சிறியதாகவே வார்க்கப்பட்டது. அதன் அடிப்பகுதி கிண்ணம்போல் குடைவாக இருக்கும்; மருந்து வெடிக்கும்போது எழும் வாயுவின் அழுத்தம் அந்தக் கிண்ணத்தின் மெல்லிய விளிம்பை வெளிப்புறமாக விரிக்க, அது குழலின் சுருள் பள்ளங்களைக் கவ்விச் சுழன்று வெளியேறும். விளிம்பு விரிய வேண்டுமானால் ஈயம் மென்மையாக இருந்தே ஆக வேண்டும். தூய ஈயத்தின் கடினம், பிரினெல் எனும் கடின அளவுகோலில், ஏறத்தாழ 5. அச்செழுத்து வார்க்கப் பயன்பட்ட, ஆன்டிமனி கலந்த ஈயமான லைனோடைப் உலோகமோ 20ஐத் தாண்டும். பின்னதில் வார்த்தால் விளிம்பு சரிவர விரியாது, வாயு பக்கவாட்டில் கசியும், குண்டு தடுமாறிப் பறக்கும்.

துணி சுற்றி இடும் உருண்டைக் குண்டின் கதை வேறு. அங்கே பள்ளங்களைப் பற்றுவது துணிதான் என்பதால் கடினம் அவ்வளவாகப் பொருட்டில்லை. ஆயினும் கெட்டி உருண்டையை உள்ளே தள்ளுவது சிரமம் என்பதால் அதற்கும் மென்மையான ஈயத்தையே பலர் விரும்புகின்றனர். இரண்டையும் பிரித்தறிவது எளிது: தூய ஈயத்தில் நகத்தால் கீறினாலே கோடு விழும்; கலப்பு ஈயத்தில் நகம் வழுக்கிக்கொண்டு போகும்.