படிச்சுப் பார்த்துதான் கையெழுத்து போடணுமாம்

பேங்கில் ஏமாந்து இன்சூரன்ஸ் வாங்கியவர்களைப் பற்றி நாகர்கோவில் விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஒரு அதிகாரி பேசிய வீடியோவை நேற்றிலிருந்து ஆளாளுக்குப் பகிர்கிறீர்கள். "படிக்காம கையெழுத்து போட்டுட்டு வந்தா நாங்க என்ன செய்ய முடியும்?" சரி சார், ஒன்றும் செய்ய வேண்டாம். அதற்குப் புகார் விசாரணை என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள்.

தக்கலையில் என் சித்தி முப்பது வருஷம் அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், முந்திரி உடைத்தவள். வேலை முடிந்து கிடைத்த கிராஜுவிட்டி (பணிக்கொடை) 1 லட்சத்தை 2019 மார்ச்சில் எஃப்.டி. (நிரந்தர வைப்பு) போடப் போனாள். "இதுவும் எஃப்.டி. மாதிரிதான் மாமி, வட்டி கூடுதல்" என்று பேங்குத் தம்பி கையெழுத்து வாங்கியது இன்சூரன்ஸ் பாலிசிக்கு. வருஷா வருஷம் 1 லட்சம் கட்டணும்! "ஒரு போன் வரும், எல்லாத்துக்கும் ஆமான்னு மட்டும் சொல்லுங்க" என்றும் சொல்லிக்கொடுத்திருக்கிறான். மறு வருஷம் வட்டி கேட்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது.

பேங்கில் கேட்டால் இன்சூரன்ஸ் கம்பெனியைக் கேளுங்கள் என்றார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் இணையதளத்தில் புகார் போட்டோம், அது அதே கம்பெனிக்குத்தான் போனது. கம்பெனி பதில்: கையெழுத்து இருக்கிறது, 'ஆமா' சொன்ன குரல் பதிவு இருக்கிறது. முடிந்தது. அந்தத் தம்பியை யாராவது கூப்பிட்டு விசாரித்தார்களா? அந்த மார்ச்சில் அதே கிளையில் எத்தனை வயசானவர்களுக்கு இதே பாலிசி என்று எண்ணினார்களா? காகிதத்தை விசாரிக்கிறார்கள், ஆளை விசாரிப்பதில்லை. ஏமாற்றினது வாயால், தேடுவது தாளில்.

பாலிசி கைக்கு வந்த 15 நாளுக்குள் ரத்து செய்திருக்கலாமே என்பீர்கள். எஃப்.டி. போட்டதாக நினைக்கிறவள் எதை ரத்து செய்வாள்? (இப்போது 30 நாளாம், ரொம்ப சந்தோஷம்.) இன்சூரன்ஸ் புகாரை விசாரித்துத் தீர்ப்பு சொல்ல ஆம்பட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்) இருக்கிறாரே என்பீர்கள். இருக்கிறார், இலவசம், வக்கீல் வேண்டாம், பணம் திருப்பிக் கொடுக்கச் சொன்ன ஆணைகளும் உண்டு. கம்பெனி மறுத்த ஒரு வருஷத்துக்குள் போகணும் என்பது எங்களுக்குத் தெரிந்தபோது ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. மறுப்புக் கடிதத்தின் அடியில் பொடி இங்கிலீஷில் இருந்ததாம். அதையும் படிக்கலையா என்பீர்கள்.

ஆளைத் தோண்ட இந்தக் கண்காணிப்பு அமைப்புகளுக்குத் தெரியாது என்றில்லை. உள்தகவலை வைத்துப் பங்கு வாங்கினால் யார் யாரிடம் போனில் பேசினார்கள் என்பது வரை பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி பார்க்கும். அங்கேயும் வேகம் என்னவோ அதுதான். சத்யம் கம்பெனித் தலைவர் ராஜு, கணக்கில் மோசடி செய்ததைத் தானே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டது 2009 ஜனவரி, பங்குச் சந்தைப் பக்கம் வரக்கூடாது என்று செபி அவருக்குத் தடை போட்டது 2014 ஜூலை. ஒப்புக்கொண்டவனுக்கே ஐந்து வருஷம், சித்திக்கு ஒரே வருஷக் கெடு.

பேராசை என்று ஒருத்தர் எழுதியிருந்தார். 1 லட்சம், அண்ணே. முந்திரித் தோட்டு எண்ணெயில் வெந்த விரல். இப்போது கேஸ் சிலிண்டர் ரசீதில் கையெழுத்து போடக்கூட எனக்குப் போன் செய்து கேட்கிறாள்.